மடங்கும் இடம்

கோர்வைப் பட்டு வாங்கப் பெரிய காஞ்சிபுரத்துக்கு வருகிறவர் விவரம் தெரிந்தவராக இருந்தால், முந்தானைப் பூவேலையில் மயங்கமாட்டார். உடலும் கரையும் சேரும் இடத்தைப் புரட்டிப் பார்ப்பார். மடக்குக் கத்தி சேர்க்கிறவருக்கும் அந்தக் கண் வேண்டும். அலகு என்ன உருக்கு, பிடி மரமா கொம்பா என்பதெல்லாம் பிற்பாடு. அலகும் பிடியும் சேரும் ஒற்றை ஆணியில்தான் தொழில் இருக்கிறது. கத்தியைத் திறந்து, அலகை இரு விரலால் பிடித்து இடம் வலம் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் கண்டால் கீழே வைத்துவிடலாம், விலை எதுவானாலும். மூடிய பிறகு முனை பிடிக்குள் மறைகிறதா, அலகு ஒரு பக்கம் உரசுகிறதா என்று வெளிச்சத்தில் பார்க்கவேண்டும்.

இந்தச் சோதனையில் சாதாரண விலைக் கத்திகள் சில அநாயாசமாகத் தேறிவிடும். பிரான்சின் சவோய் மலைநாட்டில் 1890இல் ஜோசப் ஒபினெல் செய்த கத்தியில் ஒரு மரப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, கழுத்தில் ஒரு பட்டை, அவ்வளவுதான். 1955இல் திருகு வளையம் ஒன்று சேர்ந்தது. திருப்பிவிட்டால் அலகு மடங்காது. ஜப்பானின் மிகி நகரத்து ஹிகோனோகாமி இன்னும் சிக்கனம். மடித்த தகடே பிடி. வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் வாலில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கைக் கட்டைவிரல் அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும். பள்ளிப் பிள்ளைகள் பென்சில் சீவிய கத்தி இது. நம் நாட்டு ராம்பூரிக் கத்தியின் வேலைப்பாடு இவற்றுக்குச் சளைத்ததல்ல. ஆனால் இந்திப்பட வில்லன்கள் கையில் ‘டக்’கென்று திறந்து பேரைக் கெடுத்துக்கொண்டது.

தமிழ்நாட்டுக்கென்று ஒன்றைக் காட்டச் சொன்னால் மடக்கெழுத்தாணியைத்தான் காட்டுவேன். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திர’த்தில் வகை பிரிக்கிறார். குண்டு, எழுதப் பழகும் பிள்ளைகளுக்கு. வாரெழுத்தாணியின் தலையில் ஓலையை வாரவும் நறுக்கவும் சிறு கத்தி இருக்கும். மடக்கெழுத்தாணியில் ஒரு பக்கம் எழுத்தாணி, மறுபக்கம் கத்தி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு பிடி. ஓலையில் எழுதுகிறவர் இடது கட்டைவிரல் நகத்தில் பள்ளம் வெட்டி, அதில் எழுத்தாணியை அண்டக் கொடுத்து எழுதுவார். மாங்காய் நறுக்கும் கத்தி கொஞ்சம் ஆடினால் துண்டு கோணலாகும், அவ்வளவே. இங்கே ஆடினால் ஓலை கிழியும். மடங்கும் பொருளுக்கு இதைவிடக் கடுமையான பரீட்சை எனக்குத் தெரிந்து இல்லை.

கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றிய குமரகோட்டம் காஞ்சிபுரத்தில்தான் இருக்கிறது. நாளுக்கு நூறு பாட்டாக அவர் எழுதிக் கருவறையில் வைத்த ஓலைகளை இரவில் முருகனே திருத்தினான் என்பது ஐதீகம். எந்த எழுத்தாணியால் என்று புராணம் சொல்லவில்லை. மடக்குவகைதான் என்று எனக்கொரு பட்சபாதம். பிழைபட்ட ஓலையை நறுக்கவும் கத்தி கூடவே இருக்குமே.

பழைய மடக்கெழுத்தாணி சல்லிசாகக் கிடைக்கிற சரக்கு அல்ல. தந்தப் பிடி போட்டதென்றால் தொடவே வேண்டாம்; தந்த வியாபாரம் சட்டப்படி குற்றம். புதிதாகச் சேர்க்கிறவர் கார்பன் உருக்கு ஒபினெலில், எட்டாம் எண் அளவில் தொடங்கலாம். பீரோவில் பூட்டாமல் புழங்குங்கள். மாங்காய்ப் புளிப்பில் அலகு நீலம் பாரித்துக் கறுக்கும். அழுக்கென்று தேய்க்க வேண்டாம், அந்தப் படலம் துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும். துடைத்து ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். ஐப்பசி மழையில் மரம் ஊறி அலகு வெளியே வர மறுக்கும். நகத்தைப் பெயர்த்துக்கொள்ளாமல், பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் தலைகாட்டும். சவோய்க்காரர்களின் உபாயம் இது. சாணை பிடிக்க மட்டும் தெருவில் வரும் சைக்கிள் சக்கரத்திடம் கொடுத்துவிடாதீர்கள். பொறி பறக்கிற சூட்டில் மெல்லிய அலகின் பதம் போய்விடும். வீட்டிலேயே சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு, நிதானமாகத் தீட்டிக்கொள்ளலாம்.