தெருவை விட்டுப் போகாத பாட்டு

‘கல்லி பாய்’ போல ஒரு படம் தமிழில் வரவில்லையே என்ற அங்கலாய்ப்பு 2019இல் தொடங்கியது, இன்னும் ஓயவில்லை. ஜோயா அக்தரின் அந்த இந்திப் படம் நல்ல படம்தான். அதையே அளவுகோலாகப் பிடிப்பதுதான் தவறு. அதில் மும்பையின் தாராவியில் வளர்ந்த முராத் ராப் பாடி மேடையேறுகிறான். அவனைக் கார் திருட்டுக்குக் கூட்டிப்போன நண்பன் மொயின் சிறைக்குப் போகிறான். ஒருவன் கரையேறினால் போதும், தெரு எப்படியும் கிடக்கட்டும் என்கிற கதை இது. தமிழில் நடந்தது வேறு.

தமிழ் ராப்பின் முதல் கட்டம் எல்லோருக்கும் தெரிந்ததே. 1994இல் ‘காதலன்’ படத்தின் ‘பேட்டை ராப்’. சுரேஷ் பீட்டர்ஸ் அடுக்கிக்கொண்டே போகும் அந்தப் பாட்டுக்குள் தேனி குஞ்சரம்மாளின் மண்வாசனைக் குரலும் இருக்கிறது. 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி – நட்சத்ரா குழுவின் ‘வல்லவன்’ தொகுப்பு வந்தது. சொல்லுக்குச் சொல் எதுகை தெறிக்கப் பாடும் யோகி பியைத் தமிழ் சினிமா சரியாகப் பயன்படுத்தவில்லை. ‘பொல்லாதவன்’, ‘ஆடுகளம்’ இரண்டிலும் அவர் குரல் ஒலிக்கிறது. ஆனால் ராப் பாடுகிறவனின் வாழ்க்கை அந்த இரண்டு கதைகளுக்குள்ளும் வரவில்லை. போகப்போக ராப் என்பது ரவுடி நடந்துவரும்போது பின்னால் அதிரும் சத்தமாகச் சுருங்கியது. அரிவாளை விடவைக்க வேண்டிய பாட்டு அரிவாளுக்கே கட்டியம் கூறியது.

இந்த வீழ்ச்சியிலிருந்து ராப்பை மீட்டவர் இயக்குநர் பா.இரஞ்சித். அவருடைய ‘காலா’ 2018 ஜூன் 7இல் வெளியானது. ‘கல்லி பாய்’ வருவதற்கு எட்டு மாதம் முன்பே தாராவி ராப் தமிழ்ப் படத்தில் முழங்கிவிட்டது. தாராவியிலேயே வளர்ந்த டோப்அடெலிக்ஸ் குழுவினர் ‘செம வெயிட்டு’ பாட்டில் வருகிறார்கள். அவர்கள் யாரும் தாராவியிலிருந்து தப்பிக்கப் பாடவில்லை. தாராவி நிலத்தை விடமாட்டோம் என்று பாடுகிறார்கள். அதே ஆண்டு ஜனவரியில் சென்னையில் மேடையேறிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழு கானாவையும் ராப்பையும் பறையையும் ஒன்றாக நிறுத்தியது. அந்தக் குழுவில் பாடிய ராப்பர் அறிவு அடுத்த ஆண்டு தன் தொகுப்புக்கு வைத்த பெயர் ‘தெருக்குரல்’. பெயரிலேயே தெரு இருக்கிறது.

பாட்டு கிடைக்காத பையன் என்ன ஆவான்? அதற்கு மலேசியத் தமிழ்ப் படமான ‘ஜகாட்’ (2015) போதும். ‘கெட்டது’ என்ற பொருள் தரும் மலாய்ச் சொல் அங்கே தமிழர் வாயில் புழங்கும் விதம்தான் தலைப்பு. தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பத்தின் பன்னிரண்டு வயது அப்போய், ரவுடியான சித்தப்பாவின் பக்கம் மெல்லச் சாய்கிறான். இயக்குநர் ஷான்ஜெய் குமார் பெருமாள் இதைப் பதறாமல் காட்டுகிறார். வன்முறையை அழகாக்காத இந்தப் படத்துக்குத் தமிழ்நாட்டில் கிடைத்த கவனம் மிகக் குறைவு.

தெருவை விடாத பாட்டைத் தேடி, சென்னையையும் மும்பையையும் விட்டுத் திண்டுக்கல்லுக்கு வரலாம். பூட்டும் தோல் ஷாப்பும் பிரியாணியுமாக அறியப்பட்ட ஊர். இங்கே 1990இல் சிஸ்டர் சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு, தலித் இளம்பெண்களின் கையில் பறையைக் கொடுத்தது. இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியன் அவர்களைப் பற்றி ‘சக்தி வைப்ரேஷன்ஸ்’ என்ற ஆவணப்படமே எடுத்திருக்கிறார். சாவு வீட்டில் அடிக்க வைத்து எந்தக் கருவியால் இழிவுபடுத்தினார்களோ, அதைத் தூக்கி எறிந்துவிட்டு இந்தப் பெண்கள் வயலின் கற்கப் போகவில்லை. அதே பறையை, தாங்கள் விரும்பிய இடத்தில், தங்களுக்காக அடித்தார்கள்.

திரைக்கதை எழுதுகிறவர்கள் இந்த ஊருக்கு வந்து பார்க்க வேண்டும். கூளத்தைக் கொளுத்தி, அந்தச் சூட்டில் பறையின் தோலைக் காட்டி, விறைப்பு ஏறியதா என்று விரலால் தட்டிப் பார்ப்பார்கள். பிறகு வலக்கையில் அடிக்குச்சி, இடக்கையில் சிண்டுக்குச்சி. அந்தத் தாளத்தின்மேல் ராப் உட்காரும், உட்கார்ந்தும் இருக்கிறது. மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒருவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பாட வந்தால், கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு அலையும் அவன் கூட்டாளியும் பக்கத்தில் நின்று பறை அடிக்கட்டும்.