எதிரே ஆள் வேண்டும்

புகைப்படத்தின்மேல் கட்டம் போட்டு முகம் வரைவதைக் குறை சொன்னால், உடனே ஓவியர் டேவிட் ஹாக்னியைத் துணைக்கு அழைக்கிறார்கள். ஆங்க்ர் போன்ற பழைய ஓவிய மேதைகளே லென்ஸின் உதவியோடு வரைந்தார்கள் என்று 2001-இல் வெளிவந்த நூலில் அவர் வாதிட்டார். நாங்கள் செல்போனைப் பார்த்து வரைந்தால் மட்டும் குற்றமா என்கிறார்கள்.

இப்படிக் கட்டம் போட்டு வரைந்த படங்களில் உழைப்பு உண்டு. புருவ மயிர் ஒவ்வொன்றும் தனித்து நிற்கிறது. கருவிழியில் ஜன்னல் வெளிச்சம் மின்னுகிறது. அந்தப் பொறுமையை மதிக்கிறேன்.

ஆனால் ஹாக்னியை முழுதாகப் படிக்க வேண்டும். ஆங்க்ர் பயன்படுத்தியதாக அவர் ஊகித்தது கேமரா லூசிடா. வொல்லஸ்டன் என்ற விஞ்ஞானி 1806-இல் காப்புரிமை பெற்ற சிறு பட்டகம். அதன் வழியே பார்த்தால் எதிரே இருப்பவரின் உருவம் தாள்மேல் விழுந்ததுபோலத் தெரியும். கண், மூக்கு, வாயோரம் இருக்கும் இடங்களைச் சட்டென்று குறித்துக்கொள்ளலாம். மிச்சத்தை நேரில் பார்த்துத்தான் வரைய வேண்டும். ஹாக்னியும் லண்டன் நேஷனல் கேலரியின் காவலர்களை எதிரே உட்காரவைத்தே அந்தப் பட்டகத்தைக் கொண்டு வரைந்தார்.

உட்கார்ந்த ஆள் அப்படியே இருப்பதில்லை. சற்று நேரத்தில் தோள் தளரும், உதட்டின் இறுக்கம் விடும், பார்வை எங்கோ போய்த் திரும்பும். எந்த வாயை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று கோட்டுக்குக் கோடு முடிவெடுக்க வேண்டும். சாயல் அந்த முடிவுகளில்தான் பிறக்கிறது. புகைப்படம் எல்லாவற்றையும் நொடியில் முடித்துக் கையில் கொடுத்துவிடுகிறது. முகத்தருகே பிடித்து எடுத்த செல்போன் படத்தில் மூக்கு பெருத்துக் காது பின்வாங்கியிருக்கும். அந்தக் கோணலும் கட்டம் கட்டமாகத் தாளுக்கு வந்து சேர்கிறது. மூக்கில் எலும்பு எங்கே முடிந்து குருத்தெலும்பு தொடங்குகிறது என்று அறியாத கை, நிழலை மட்டும் தேய்த்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் கிழவி கன்னமும் நடிகை கன்னமும் ஒரே பளபளப்பில் வழுக்குகின்றன.

ஓவியர் ஆதிமூலமும் காந்தியைப் புகைப்படம் பார்த்துத்தானே வரைந்தார் என்பார்கள். 1938-இல் பிறந்தவருக்கு வேறு வழி இல்லை. ஆனால் காந்தி நூற்றாண்டையொட்டி அவர் வரைந்த கோட்டோவியங்களில் கேமராவின் ஒளியைத் தேடினாலும் கிடைக்காது. வேண்டாததைத் தள்ளும் அந்தத் துணிவு, ஆளைப் பார்த்து வரைந்து பழகிய கைக்கே வரும் என்று நினைக்கிறேன்.

இப்போது சிறுபிள்ளைகளுக்கும் கட்டம் போடவே முதலில் கற்றுத் தருகிறார்கள். பக்கத்தில் இருக்கும் தோழியைப் பார்த்து வரைந்தால் காது இடம் மாறும், ஒரு கண் ஏறும். மாறட்டும், ஏறட்டும். பார்ப்பவர் மெச்சமாட்டார்கள் என்று அஞ்சி அந்தப் பிள்ளை கையில் செல்போனைத் திணிப்பதை ஓவியப் பயிற்சி என்று நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.