புல்மனின் மறுமையும் ஒரு மாணவியின் கேள்வியும்

பிலிப் புல்மனின் 'ஹிஸ் டார்க் மெட்டீரியல்ஸ்' நாவல்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா என்று ஒரு மாணவியின் வாப்பா என்னிடம் கேட்டபோது நான் அவற்றை வாசித்திருக்கவில்லை. "டீச்சர், இது கடவுளக் கொல்ற கதையாம். அதோட ஒவ்வொரு பிள்ளையோடயும் ஒரு டீமன் திரியுதாம்" என்றார். ஒருகொடவத்தையிலிருந்து மருதானை தூரமில்லை. அங்கே டி.ஆர். விஜேவர்தன மாவத்தைப் பழைய புத்தகக் கடைகளில் மூன்று பாகங்களும் கிடைத்தன. தமிழ் சிறப்புப் பட்டக்காரியான எனக்கு ஆங்கிலம் மெதுவாகத்தான் ஓடும். நோன்பு விடுமுறை முழுவதும் அதற்கே போயிற்று.

முதலில் அந்த வாப்பாவின் பயத்தைச் சொல்லிவிடுகிறேன். டீமன் என்பது இந்தக் கதையில் ஷைத்தான் அல்ல. லைராவின் உலகத்தில் மனிதரின் உயிர் உடலுக்கு வெளியே ஒரு பிராணியாகக் கூடவே திரியும். பிள்ளைப் பருவத்தில் அது நினைத்தபடி உருமாறும், வளர்ந்தபின் ஒரே உருவில் நிலைக்கும். முதற் பாகமான 'நோர்தர்ன் லைட்ஸ்' (1995) நாவலில் திருச்சபை போன்றதொரு அதிகார பீடத்தின் ஆதரவில், வடதுருவத்தில் பிள்ளைகளையும் அந்தப் பிராணிகளையும் வெட்டிப் பிரிக்கிறார்கள். அப்படிப் பிரிக்கப்பட்ட ஒரு சிறுவன், தன் பிராணிக்குப் பதிலாகக் காய்ந்த மீனொன்றை நெஞ்சோடு அணைத்தபடி இருப்பான். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழும்பிப் போனேன். மார்க்கத்தின் பேரால் பிள்ளைகளை வதைப்பவர்களை ஒரு நாவல் கண்டித்தால் அது எந்த மார்க்கத்துக்கு எதிரானது?

'கடவுளைக் கொல்வது' வருவது மூன்றாம் பாகமான 'த அம்பர் ஸ்பைகிளாஸ்' (2000) நாவலில். 2007இல் முதற் பாகம் படமாக வந்த வேளை அமெரிக்காவின் கத்தோலிக்க லீக் அதைப் புறக்கணிக்கச் சொன்னது. கனடாவின் ஹோல்டன் கத்தோலிக்கப் பாடசாலைச் சபை நூலக அலுமாரிகளிலிருந்து புத்தகத்தை எடுத்தது. மாறாக, அன்றைய கன்டபரி பேராயர் ரோவன் வில்லியம்ஸ் 2004இல் அதன் நாடக வடிவத்தைப் பாராட்டி, புல்மனோடு மேடையிலும் உரையாடினார். இந்த வாதங்களில் நமக்கு அதிகம் வேலையில்லை. அங்கே இறப்பவன் படைத்தவன் அல்லன். முதலாவதாகத் தோன்றிய ஒரு வானவன், பின்னால் வந்தவர்களிடம் 'நானே உங்களைப் படைத்தேன்' என்று பொய் சொல்லி ஆண்டவன். மூப்பால் தளர்ந்து, பளிங்குப் பல்லக்கில் சுமந்து செல்லப்பட்டு, காற்றுப் பட்டதும் கரைந்துபோகிறான். ஸூரத்துல் இக்லாஸ் ஓதத் தெரிந்த ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூட 'இது அல்லாஹ் இல்லை' என்று சொல்லிவிடும்.

எனக்கு முள்ளாகத் தைத்தது வேறொன்று. அவனுக்குப் பதிலாக ஆளும் கொடியவன் மெட்டட்ரோன், மனிதனாக இருந்தபோது இனோக் என்ற பெயருடையவன். நம் அறிஞர்களில் பலர் இனோக் என்பவரை இத்ரீஸ் (அலை) அவர்களாகவே கொள்வர். யூத மரபுக் கதையொன்றை எடுத்து ஆசிரியர் திரித்திருக்கிறார். அது பிள்ளைக்குத் தெரியாது, சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் எழுதி முடித்து, பரவாயில்லை, கொடுக்கலாம் என்றுதான் இருந்தேன். அந்த மாணவியோ எனக்கு முன்பே மூன்றாம் பாகத்தை முடித்திருந்தாள். ஓய்வுப் பாடவேளையில் வந்து கேட்டாள்: "டீச்சர், இதுல மவுத்தானவங்க எல்லாரும் காத்தோட கலந்து போறாங்க, சந்தோசமா போறாங்க. எங்கட அப்பாவ எரிச்சாங்களே, அவரும் அப்பிடித்தானா?"

அப்பா என்று அவள் சொன்னது உம்மாவின் வாப்பாவை. 2020 ஏப்ரல் முதல் 2021 பெப்ரவரி வரை, கொவிட் ஜனாஸாக்களைக் கட்டாயம் எரிக்க வேண்டும் என்றிருந்த அந்த மாதங்களில் எரிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

புல்மன் உண்மையில் மறுப்பது மறுமையைத்தான். பல்லக்கில் கிடந்த கிழவனைப் பற்றிச் சண்டை பிடித்தவர்கள் இதைப் பெரிதாகப் பேசவில்லை. அவருடைய இறந்தோர் உலகத்தில் எல்லோரும் சாம்பல் நிறச் சமவெளியில் அடைபட்டிருக்கிறார்கள். லைராவும் வில்லும் வழி திறந்துவிட, வெளியே வந்து அணு அணுவாகக் கரைகிறார்கள். விசாரணை இல்லை, கூலி இல்லை. இங்கே எழுத்து மிக அழகானது, ஆபத்தும் அதிலேதான். அதே பாகத்தில் முன்னாள் கன்னியாஸ்திரி மேரி மலோன் தான் மதத்தை விட்ட காரணத்தைப் பக்கம் பக்கமாக விளக்கும்போது கதை படுத்துவிடுகிறது. பிள்ளைகள் தாண்டிப் போய்விடுவார்கள். கரைந்து போகும் காட்சியைத் தாண்ட மாட்டார்கள்.

ஆனாலும் கணக்கை அவரால் முழுதாக அழிக்க முடியவில்லை. வெளியே போகும் வழியைப் பறவை உடலும் பெண் முகமும் கொண்ட காவற்காரிகள் காக்கிறார்கள். வாழ்ந்த வாழ்க்கையைப் பொய்யில்லாமல் சொல்பவர்க்கே அவர்கள் வழிகாட்டுவார்கள். பொய் சொன்னால் வழியில்லை. பச்சிளம் குழந்தைகளுக்கு மட்டும் விலக்கு. கப்றுக் கேள்வியைப் படித்த நம் பிள்ளைகளுக்கு இது புதிதா? முன்கர், நகீரை வாசல் வழியாக அனுப்பிவிட்டு ஜன்னல் வழியாக உள்ளே எடுத்திருக்கிறார் மனிதர்.

அவளிடம் இதைச் சொல்லவில்லை. புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் அந்த மனிதரின் செய்தியைச் சொன்னேன். நான் இறந்தால் எரித்து, சாம்பலைத் தரையிலும் கடலிலும் தூவுங்கள் என்று மக்களிடம் சொல்லிச் செத்தவர். அல்லாஹ் அத்தனையையும் ஒன்றுசேர்த்து நிறுத்தி, ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டான். உன்னைப் பயந்து என்றார். மன்னிக்கப்பட்டார். "அவர் தானாச் சொல்லிச் செஞ்சவர். உங்கட அப்பா கேட்டு எரிக்கல்லயே" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப சேத்து எடுக்கலாம்" என்றாள்.

கேள்வியே வரக்கூடாதென்றால் நமக்கு ஆயிர மசலாவும் இருந்திராது. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் பாடிய அந்த நூல் முழுக்கக் கேள்விகள்தான். கேட்கும் அப்துல்லாஹ் இப்னு ஸலாம் அப்போது யூத அறிஞர். ஆனால் அங்கே பதில் சொல்ல எதிரில் ஒருவர் இருந்தார்கள்.

முதற் பாகம் இப்போது எங்கள் வகுப்பு அலுமாரியில், எட்டாம் ஆண்டிலிருந்து யாரும் எடுக்கலாம். மூன்றாம் பாகம் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. சாதாரண தர வகுப்புக்கு வந்த பிள்ளை கேட்டால் கொடுப்பேன், வாசித்து முடித்ததும் வந்து என்னோடு கதைக்க வேண்டும் என்ற பேச்சில்.