எலும்புக்கு அவகாசம் கொடுங்கள்

பாரிஸ் ஒலிம்பிக், 2024 ஆகஸ்ட் 5. மகளிர் ஜிம்னாஸ்டிக்ஸ் ஃப்ளோர் இறுதிச்சுற்றில் பிரேசிலின் ரெபேக்கா ஆண்ட்ராடே 14.166 புள்ளி எடுத்துத் தங்கம் வென்றார். 14.133 எடுத்த அமெரிக்காவின் சிமோன் பைல்ஸுக்கு வெள்ளி. ஆண்ட்ராடேவுக்கு அப்போது வயது 25, பைல்ஸுக்கு 27. பதினாலு வயதில் உச்சம் தொட்டு, இருபதுக்குள் மூட்டை கட்டிவிட வேண்டிய ஆட்டம் என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கிய விளையாட்டு இது.

ஆண்ட்ராடேவின் வலது முழங்காலில் ஏசிஎல் தசைநார் மூன்று முறை கிழிந்தது: 2015, 2017, 2019. அதாவது 16, 18, 20 வயதுகளில். அத்தனைக்கும் பிறகு அவர் மேடையேறியதை மன உறுதிக்கு உதாரணமாகச் சொல்கிறோம். சரிதான். ஆனால் அதே வயதில், அதே காயத்தோடு ஆட்டத்தை விட்டுப் போன பெண்களின் பெயர்கள் நமக்குத் தெரியாது. மீண்டு வந்த ஒருவரை வைத்துக்கொண்டு பயிற்சி முறையே சரி என்று சான்றிதழ் கொடுக்க முடியாது.

ஒரு ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் யாரைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும் என்று கேட்டால், கெட்டிக்காரக் குழந்தையைத்தான் காட்டுவேன். சுமாராக ஆடும் சிறுமிக்கு ஒரு வித்தை படிய ஒரு வருஷம் ஆகும். அதற்குள் உடம்பும் கொஞ்சம் தேறிவிடும். கெட்டிக்காரி அதைச் சில வாரங்களில் பிடித்துவிடுவாள். உடனே அடுத்தது, அதற்கும் அடுத்தது. எலும்பு தயாரா என்று கேட்க யாருக்கும் தோன்றுவதில்லை, ஏனென்றால் அவள்தான் அழகாகச் செய்துவிடுகிறாளே!

வளர்த்தி வரும் வருஷம்

வளரும் குழந்தையின் நீள எலும்புகளின் முனையருகே வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்புப் பகுதி இருக்கிறது. எலும்பு நீளுவது அங்கேதான். சுற்றியுள்ள எலும்பைவிட அது மென்மையானது. உயரம் வேகமாகக் கூடும் மாதங்களில் இன்னும் பலவீனமாக இருக்கும். கான்கிரீட் போட்ட மறுநாளே தளத்தின் மேல் யாரும் சுவர் எழுப்புவதில்லை. இந்த ஆட்டத்தில் அதைத்தான் செய்கிறோம்.

மற்ற ஆட்டங்களில் உடம்பைத் தாங்குவது கால். இங்கே கையும் தாங்க வேண்டும். வால்ட் மேஜையில் கை ஊன்றித் தள்ளும்போதும், பீமின் மேல் பின்புறமாகப் புரளும்போதும் முழு எடையும் மணிக்கட்டில் இறங்குகிறது. ஆர எலும்பின் கீழ்முனையில் உள்ள வளர்ச்சித் தட்டு திரும்பத் திரும்ப நசுங்கி வலிப்பதை மருத்துவர்கள் 'ஜிம்னாஸ்ட் மணிக்கட்டு' என்றே அழைக்கிறார்கள். வால்ட் முடித்துத் திரும்பி நடக்கும் சிறுமி கையை உதறிக்கொண்டே போனால் அது பழக்கம் அல்ல, தகவல். முதுகைப் பின்னால் வளைக்கும்போது மட்டும் கீழ்முதுகில் சுருக்கென்றால், முதுகெலும்பு வளையத்தில் விரிசல் விழுகிறதா என்று பார்க்க வேண்டும். குதிகாலும் முழங்காலுக்குக் கீழுள்ள மேடும் இதே வயதில்தான் முனகத் தொடங்கும்.

பெண் குழந்தைகளுக்கு உயரம் வேகமாகக் கூடுவது பெரும்பாலும் 11, 12 வயதில். கடுமையாகப் பயிற்சி செய்பவர்களுக்குச் சற்றுத் தள்ளியும் வரலாம். கையும் காலும் சில மாதங்களில் நீண்டுவிடும். போன வருஷம் தூக்கத்தில்கூடச் செய்த பல்டி இப்போது பிசகும். சுழலும் உடம்பின் அளவே மாறிவிட்டது, பழைய நேரக்கணக்கு பொருந்தவில்லை. ஆனால் கூடத்தில் அதற்குக் கிடைக்கும் பெயர் 'சோம்பல்', 'பயம்', 'எடை போட்டுவிட்டாள்'. விளைவு, கூடுதல் பயிற்சி, குறைந்த சாப்பாடு. எலும்பு மிகப் பலவீனமாக இருக்கும் மாதங்களில் அடி கூடுகிறது. எலும்பு கட்ட வேண்டிய உணவு குறைகிறது. காயமும் கசப்பும் ஒரே வாசலில் நுழைவது இங்கேதான்.

சாப்பாட்டுக் குறைவை வைராக்கியம் என்று மெச்சும் வழக்கம் இந்த ஆட்டத்தில் நெடுங்காலமாக உண்டு. செலவழிக்கும் சக்திக்கு ஏற்ற உணவு கிடைக்காவிட்டால் மாதவிடாய் தள்ளிப்போகும் அல்லது நின்றுபோகும், எலும்பு மெலியும், காயம் ஆறாது. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்குத் தனிப் பெயர் வைத்து எச்சரித்தது. ஜிம்னாஸ்ட் என்றால் வயதுக்கு வருவது தாமதமாகத்தான் ஆகும் என்று சொல்லித் தட்டிக் கழிப்பதை நிறுத்த வேண்டும்.

மனம் சொன்னால் கேட்க வேண்டும்

2021 ஜூலை 27, டோக்கியோ. குழுப் போட்டியில் வால்ட்டில் இரண்டரைச் சுற்று சுற்ற வேண்டிய பைல்ஸ், ஒன்றரையில் நிறுத்தித் தடுமாறி இறங்கினார். காற்றில் இருக்கும்போது தான் எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் போகும் 'ட்விஸ்டீஸ்' அது. அவர் போட்டியிலிருந்து விலகியபோது, பாதியில் விட்டுவிட்டு ஓடிவிட்டார் என்று ஏசியவர்கள் உண்டு. தலைகீழாகப் பறக்கும் ஒருவருக்குத் தரை எங்கே என்று தெரியாவிட்டால் என்ன ஆகும் என்பதை அவர்கள் யோசிக்கவில்லை. ஏறத்தாழ இரண்டு வருஷம் போட்டிகளில் இருந்து ஒதுங்கி, 2023 ஆகஸ்டில் திரும்பினார். பாரிஸில் 3 தங்கம், 1 வெள்ளி.

மறுக்க முடியாதவருக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். சோவியத் ஒன்றியத்தின் எலேனா முகினா 1978-இன் உலகச் சாம்பியன். 1979-இல் கால் முறிந்தது. அது முழுசாக ஆறும் முன்னே மீண்டும் கூடத்துக்குக் கொண்டுவரப்பட்டார். 1980 ஜூலையில், மாஸ்கோ ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்கையில், மின்ஸ்க் நகரப் பயிற்சியில் 'தாமஸ் சால்டோ' என்ற பல்டியைச் செய்தபோது கழுத்தெலும்பு முறிந்தது. அப்போது வயது 20. அதன்பின் 2006-இல் இறக்கும்வரை அவர் எழுந்து நடக்கவில்லை.

அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று சொல்லவும் முடியாது. பிரிட்டனில் 2022-இல் வெளிவந்த ஒயிட் விசாரணை அறிக்கை, காயத்தோடு சிறுமிகளைப் பயிற்சி செய்ய வைத்ததையும் எடை பார்த்து அவமானப்படுத்தியதையும் வரிசையாகப் பதிவு செய்தது.

விதி வைக்கும் பரிசு

1976 ஒலிம்பிக்கில் ருமேனியாவின் நாடியா கோமனேச்சி முழு 10 புள்ளி எடுத்தபோது வயது 14. சீனியர் போட்டிகளுக்கான குறைந்தபட்ச வயது 1981-இல் 15 ஆகவும், 1997-இல் 16 ஆகவும் உயர்ந்தது. நல்ல மாற்றம்தான். ஆனால் 16-இல் மேடையேற வேண்டும் என்றால் 11, 12-லேயே கடினமான வித்தைகள் கைவசம் இருக்க வேண்டும் என்று கூடங்கள் கணக்குப் போடுகின்றன. வயது வரம்பு மேடைக்குத்தான் உண்டு, பயிற்சிக் கூடத்துக்கு இல்லை.

2006 முதல் '10' என்ற உச்சவரம்பும் போய்விட்டது. வித்தை எவ்வளவு கடினமோ அவ்வளவு புள்ளி. 2016 ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் தீபா கர்மாகர் புரொடுனோவா வால்ட்டைத் தேர்ந்தெடுத்ததன் கணக்கு இதில்தான் இருக்கிறது. அதன் கடினப் புள்ளி அப்போது 7.0. முன்புறமாக இரண்டு பல்டி முடித்து அவர் குந்தியபடி இறங்கியபோது இடுப்பு தரைவிரிப்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது; முழங்கால்கள் அந்த வேகம் முழுவதையும் வாங்கிக்கொண்டன. 15.066 எடுத்து, வெறும் 0.150 புள்ளியில் வெண்கலத்தைத் தவறவிட்டார். அடுத்த வருஷமே ஏசிஎல் காயம், அறுவை சிகிச்சை. 2018-இல் துருக்கியின் மெர்சினில் நடந்த உலகச் சேலஞ்ச் கோப்பையில் தங்கத்தோடு திரும்பினாலும் முழங்கால் தொல்லை விடவில்லை. அந்த வால்ட்டின் கடினப் புள்ளியைச் சர்வதேசக் கூட்டமைப்பு 2017-இல் 6.4 ஆகக் குறைத்தது. ஆபத்துக்கான பரிசை விதியால் குறைக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

எண்ண வேண்டியதை எண்ணுவோம்

இங்கிலாந்தில் இளம் வேகப்பந்து வீச்சாளர் ஒரு நாளில் இத்தனை ஓவர்தான் வீசலாம் என்று வயதுக்கேற்ற வரம்பு உண்டு. ஜிம்னாஸ்டிக்ஸ் கூடத்தில் பெரும்பாலும் எண்ணப்படுவது மணி நேரம் மட்டும். குழந்தையின் வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் ஒரே ஆட்டத்தில் பயிற்சி வேண்டாம் என்பது விளையாட்டு மருத்துவர்கள் சொல்லும் பொதுக்கணக்கு. பத்து வயதில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டுவது சாதாரணமாகிவிட்ட இந்த ஆட்டத்தில் அதை அப்படியே கடைப்பிடிப்பது கடினம். ஆகவே தரையில் இறங்கும் எண்ணிக்கையையாவது குறித்து வைக்கலாம். கடினமான விரிப்பில் எத்தனை, ஸ்பாஞ்ச் குழியில் எத்தனை என்று நோட்டில் எழுத ஒரு பென்சில் போதும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரம் அளக்க வேண்டும். வளர்த்தி வேகமெடுத்தால் புதிய வித்தையை நிறுத்தி, வால்ட்டையும் ஃப்ளோரையும் குறைத்து, பலத்துக்கும் சுத்தமான அடிப்படைக்கும் நேரம் கொடுக்கலாம். வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, வருஷத்தில் சில வாரங்கள் கூடத்தின் பக்கமே போகாத விடுமுறை. முதல் ஆளாக வந்து நின்றவள் உடை மாற்றும் அறையில் நேரம் கடத்தத் தொடங்கினால், திட்டுவதற்கு முன் என்ன வலிக்கிறது என்று கேட்க வேண்டும்.

பாரிஸில் ஃப்ளோர் தங்கம் வென்ற ஆண்ட்ராடே, முழங்கால்களைக் கருதி அதே ஃப்ளோரைக் கைவிடப் போவதாகப் பிறகு அறிவித்தார். 25 வயதில், கையில் தங்கத்தோடு, அவரால் அதைச் சொல்ல முடிந்தது. 11 வயதுக் குழந்தையால் முடியாது. அவள் சார்பில் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். பெற்றோர் பயிற்சியாளரிடம் வழக்கமாகக் கேட்பது, "அடுத்து என்ன கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள்?" இந்த வருஷம் எதைத் தள்ளிப் போடப் போகிறீர்கள் என்றும் கேளுங்கள். அதற்குத் தெளிவாகப் பதில் சொல்லும் பயிற்சியாளரிடம் குழந்தையைத் தைரியமாக விடலாம்.