செருப்பும் ஒரு கேள்வியும்

இடக்கொச்சியில் கரண்ட் போன இரவு. காயல் காற்றை நம்பிச் சன்னலைத் திறந்துவிட்டு, பேத்திக்குச் சிண்ட்ரெல்லா கதை சொல்லிக்கொண்டிருந்தேன். 1697இல் பிரெஞ்சுக்காரர் பெரோ எழுதிவைத்த கண்ணாடிச் செருப்பு வந்ததும் மறித்தாள்: "அவ்வளவு நேரம் கூட ஆடினானே, மூஞ்சி ஞாபகம் இல்லையா பாட்டி?"

பழைய கதையைப் புதிதாகச் சொல்லும் கலை இங்கேதான் தொடங்குகிறது. உபதேசம் கலந்தால் பிள்ளை தூங்கிவிடும். கேள்வி கலந்தால் எழுந்து உட்காரும்.

மும்பையில் பிறந்த சுநிதி நம்ஜோஷிக்கு அந்தக் கைப்பக்குவம் உண்டு. 1981இல் வந்த 'ஃபெமினிஸ்ட் ஃபேபிள்ஸ்' நூலில், பஞ்சதந்திரச் சாயலில் ஒரு கதை: வரம் தர வந்த கடவுளிடம் ஒரு பெண் மனித அந்தஸ்து கேட்கிறாள். அது கஷ்டமாயிற்றே என்று மழுப்பி, அவர் கமிஷன் போட்டுவிடுகிறார்! சிறுவர்களுக்காக நம்ஜோஷி படைத்த கதாநாயகி அதிதியோ வாளேந்திய இளவரசனுக்குக் காத்திருப்பதில்லை. குரங்கு, யானை, எறும்போடு தானே டிராகனைத் தேடிக் கிளம்புகிறாள்.

"ஒரே ஒரு ஊரில்" அப்படியே இருக்கிறது; உப்பு மட்டும் இப்போதுதான் சரியாக விழுந்திருக்கிறது.

நேற்று பேத்தி எனக்குக் கதை சொன்னாள். சிண்ட்ரெல்லா செருப்பை வாங்கிக்கொண்டு, "முதல்ல உன் பேரைச் சொல்லு, யோசிக்கிறேன்" என்றாளாம்.