பல் டாக்டரின் மீன்தொட்டி

'ஃபைண்டிங் நீமோ' படத்தை ஏழெட்டு தடவையாவது பார்த்திருப்பேன். வீட்டில் குழந்தை இருக்கிற எந்த அப்பாவும் பார்த்திருப்பார். முதல் ஏழு தடவையும் அது, காணாமல் போன பிள்ளையைத் தேடி ஒரு அப்பா கடல் முழுக்க அலைகிற கதை. எட்டாவது தடவை நான் அப்பாவையும் கவனிக்கவில்லை, பிள்ளையையும் கவனிக்கவில்லை. சிட்னி பல் டாக்டரின் க்ளினிக்கில் இருக்கிற அந்தக் கண்ணாடித் தொட்டியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். காரணம், அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் நான் இரண்டு நீமோக்களைக் கொன்றிருந்தேன்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

வீடு மாற்றிக்கொண்டு பெங்களூர் போகிற ஓர் இளைஞர் தன் கடல்மீன் தொட்டியை விற்கிறார் என்று நண்பர் சொன்னார். நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கூடவே விளக்கு, மோட்டார்கள், தண்ணீரின் கழிவை நுரையாக்கி வெளியே தள்ளுகிற ஸ்கிம்மர், சென்னை வெயிலில் தண்ணீர் சூடாகாமல் காக்கிற சில்லர் என்று சகல சாமான்களும். புதிதாக வாங்கினால் ஆகிற விலையில் கால்வாசிதான் கேட்டார். நான் பி.காம். படித்தவன். தேய்மானத்தைக் கழித்து, மிச்சத்தைக் கூட்டிப் பார்த்து, அடித்தது யோகம் என்று முடிவு கட்டிவிட்டேன்.

செகண்ட் ஹேண்டில் கார் வாங்கினால் மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு போவோம். தொட்டி வாங்க யாரைக் கூட்டிப் போவது? படிக்கிற உங்களில் யாருக்காவது அப்படி ஒரு யோசனை இருந்தால், மூலைகளில் இருக்கிற சிலிகான் பசை உரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தண்ணீர் ரொப்பி இரண்டு நாள் மொட்டை மாடியில் வைத்துப் பாருங்கள். இது கால் டன் தண்ணீர், ஹாலில் கொட்டினால் கீழ்வீட்டுக்காரர் சும்மா விட மாட்டார். அப்புறம், மீனுக்கு வெள்ளைப் புள்ளி நோய் வந்தபோது தாமிரம் கலந்த மருந்து ஊற்றினீர்களா என்று விற்கிறவரிடம் கட்டாயம் கேளுங்கள். ஊற்றியிருந்தால் பாறையிலும் மணலிலும் அது தங்கியிருக்கும். மீன் தாங்கும். இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது.

பவளம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. கடலில் திட்டுத் திட்டாகப் பாறை கட்டுகிற கெட்டிப் பவளங்கள் அத்தனையும் 2001-லிருந்து நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலி இருக்கிற அதே அட்டவணை. ''ஒரு துண்டு ஃப்ரீயா வச்சுக்குங்க சார்'' என்று யாராவது நீட்டினால் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்வது நல்லது.

என் இளைஞர் நல்லவர். அவர் தொட்டியில் இருந்தது சுட்ட செராமிக் பாறைகள்தான். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மூன்று தடவை சொன்னார்: ''பாறையை மட்டும் கழுவிடாதீங்க சார். ஈரத்தோட எடுத்துட்டுப் போங்க.''

வீட்டுக்கு வந்து பார்த்தால் பாறையில் ஒரு வாடை. காசிமேட்டு வாடை. ''இதை ஹால்ல வைக்கப் போறீங்களா?'' என்றார் மனைவி. அவ்வளவுதான். குழாயடியில் வைத்து பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். மே மாத வெயிலில் இரண்டு நாள் காய வைத்தேன். பளபளவென்று கருவாடு மாதிரி காய்ந்தது. கிட்டத்தட்ட 9 கிலோ கடல் உப்புக் கலவையை 250 லிட்டர் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். தண்ணீரா அது... கண்ணாடி! மூன்றாம் நாள் கொளத்தூர் போய் இரண்டு க்ளவுன் மீன்கள் வாங்கி வந்தோம். மகள் ஒன்றுக்கு நீமோ என்று பெயர் வைத்தாள். இன்னொன்றுக்கும் நீமோ என்றே வைத்தாள்.

ஐந்தாம் நாள் இரண்டும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஆறாம் நாள் ஒன்று போனது. ஏழாம் நாள் மற்றது. தண்ணீர் அப்போதும் கண்ணாடி மாதிரிதான் இருந்தது.

நடந்தது இதுதான். மீனின் கழிவிலிருந்தும் அதன் மூச்சிலிருந்தும் அம்மோனியா வருகிறது. மீனுக்கு அது விஷம். கடல் தண்ணீரின் காரத்தன்மையில் அந்த விஷத்துக்கு வீரியம் இன்னும் கூடுதல். பாறையின் துளைகளில் குடியிருக்கிற ஒரு வகை பாக்டீரியா அதைத் தின்று நைட்ரைட் ஆக்கும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா அதைத் தின்று நைட்ரேட் ஆக்கும். அது அவ்வளவு பொல்லாததில்லை, அவ்வப்போது கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் சமாளித்துவிடலாம். இந்த இரண்டு கூட்டமும் புதுத் தொட்டியில் பெருகி நிலைபெற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நான் கால்வாசி விலைக்கு வாங்கினேனே, அதில் உண்மையான சொத்து கண்ணாடியும் மோட்டாரும் இல்லை. பாறையிலிருந்த அந்த வாடைதான். அதைத்தான் கார்ப்பரேஷன் தண்ணீர் விட்டுக் கழுவி, வெயிலில் காயப் போட்டிருக்கிறேன். பேலன்ஸ் ஷீட்டில் எழுதப்படாத சொத்து என்று காலேஜில் சொல்லிக் கொடுத்தார்கள். அன்றைக்குப் புரியவில்லை.

இந்தத் துக்கத்தோடு உட்கார்ந்து பார்த்ததுதான் அந்த எட்டாவது தடவை.

சும்மா சொல்லக் கூடாது. ஆண்ட்ரூ ஸ்டான்டன் 2003-ல் எடுத்த அந்தப் படம், தொட்டிக்குள் இருக்கிற ஜீவன்களை அபாரமாகப் புரிந்துவைத்திருக்கிறது. பபிள்ஸ் என்கிற மஞ்சள் மீன், பொம்மைப் புதையல் பெட்டி திறந்து குமிழி வரும்போதெல்லாம் வெறி பிடித்து ஓடுகிறது. டெப், கண்ணாடியில் தெரிகிற தன் பிம்பத்தைத் தங்கச்சி என்று நினைத்துப் பேசிக்கொண்டிருக்கிறது. கர்கிளுக்குக் கிருமி பயம். நாம் சிரிக்கிறோம். ஆனால், ஜெயிலில் ரொம்ப நாள் இருந்தவர்களுக்கு வருகிற பழக்கங்கள் இவை. பல் பிடுங்குகிற நாற்காலியைத் தவிர வேறு வேடிக்கை கிடையாது என்பதால், டாக்டர் எந்தக் கருவியை எடுக்கிறார் என்று கிரிக்கெட் கமென்ட்ரி மாதிரி ஆளாளுக்கு விவாதிக்கின்றன. இந்த ஒரு காட்சிக்காகவே எழுதியவர் கையில் மோதிரம் போடலாம்.

இன்னொரு இடம், கில். வில்லம் டஃபோ குரல் கொடுத்த, முகத்தில் தழும்போடு வருகிற அந்தத் தலைவர் ஒரு மூரிஷ் ஐடல். வீட்டுத் தொட்டியில் வளர்ப்பதற்கு மிகக் கஷ்டமான மீன் என்று அனுபவசாலிகள் எல்லோரும் கையெடுத்துக் கும்பிடுகிற இனம். பல நேரம் தொட்டியில் போட்டதும் சாப்பிடவே மறுத்து இளைத்துச் செத்துப்போகும். தப்பிப்பதைத் தவிர வேறு நினைப்பில்லாத பாத்திரத்துக்கு ஆயிரம் மீன்களில் இதைப் பொறுக்கியிருக்கிறார்கள். தெரிந்து செய்தார்களோ, தெரியாமல் செய்தார்களோ, மிகச் சரியான தேர்வு.

தப்புகளும் உண்டு. கர்கிள் கரீபியன் பக்கத்து மீன், பபிள்ஸின் இனம் பெரும்பாலும் ஹவாயில் இருப்பது. உடம்பை ஊதுகிற ப்ளோட்டின் இனத்துக்கு இறால் என்றால் உயிர். அதே தொட்டியில் ஜாக் என்கிற இறால் முழு உடம்போடு வளைய வருகிறது! எல்லாவற்றையும் விட, க்ளவுன் மீன்களில் அம்மா செத்துப்போனால் அப்பா கொஞ்ச நாளில் அம்மாவாக மாறிவிடும். நிஜமாகவே, பெண்ணாகவே மாறிவிடும். அதையெல்லாம் வைத்துக் குழந்தைகள் படம் எடுக்க முடியாது. விட்டுவிடலாம்.

விட முடியாதது அந்த மெஷின்.

கில்லின் திட்டம் ஞாபகமிருக்கிறதா? நீமோ சின்ன உடம்பு. ஃபில்டருக்குள் புகுந்து ஒரு கூழாங்கல்லைச் சொருகி அதை நிறுத்த வேண்டும். தொட்டி அழுக்காகும். டாக்டர் மீன்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வெளியே வைத்துக் கழுவ வேண்டிவரும். பையோடு உருண்டு, ஜன்னல் வழியாகக் கடலுக்கு ஓட்டம். முதல் முயற்சியில் பிள்ளை சாகப் பார்க்கிறது. இரண்டாவதில் ஜெயிக்கிறது. தொட்டி முழுக்கப் பச்சைப் பாசி. விடிந்து பார்த்தால் ராத்திரியோடு ராத்திரியாக டாக்டர் 'அக்வாஸ்கம் 2003' என்று ஒரு புது மெஷினைப் பொருத்தியிருக்கிறார். தொட்டி பளிச். மெஷின் ஒளியைப் பாய்ச்சி வெப்பநிலை இவ்வளவு, பி.ஹெச். சரி என்கிறது. திட்டம் காலி.

திரைக்கதையாகப் பார்த்தால் பிரமாதம். அழுக்கு என்றால் விடுதலை, சுத்தம் என்றால் சிறை! யாருக்கு வரும் இந்த யோசனை? ஆனால், படம் தண்ணீரைக் கண்ணால் மட்டுமே பார்க்கிறது என்பதும் இங்கேதான் தெரிகிறது. பச்சையாக இருந்தால் கெட்டது, பளிச்சென்று இருந்தால் நல்லது. அத்தனை மீன்கள் இருக்கிற தொட்டியில் ஃபில்டர் நின்றுபோனால் முதலில் வருவது பாசி இல்லை. பாசி வர நாளாகும். அதற்கு முன்னால், கண்ணாடி மாதிரி இருக்கிற தண்ணீரிலேயே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடும். ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, மீனுக்கு சௌக்கியம் என்று ஒரு மெஷின் சொன்னால் நான் நம்ப மாட்டேன். அதுவும் அம்மோனியாவைப் பற்றி வாயே திறக்காத மெஷின்!

கார்ட்டூன் படத்தில் கெமிஸ்ட்ரி பார்ப்பானா மனுஷன் என்று கேட்பீர்கள். மீன் பேசுவதை நான் கேள்வி கேட்கவில்லை. மீன் சாப்பிடுவதை விட்டொழிக்கச் சுறாக்கள் சங்கம் நடத்துவதைக் கேட்கவில்லை. முழுக்க முழுக்க மீன் பக்கம் நின்று பேசுகிற படம், தண்ணீரைப் பார்க்கும்போது மட்டும் கண்ணாடிக்கு வெளியே வந்து, கையில் துடைக்கிற துணியோடு பல் டாக்டர் பக்கத்தில் நின்றுகொள்கிறதே என்பதுதான் என் குறை. நானும் அங்கேதான் நின்றேன். நின்றதற்கு விலை இரண்டு உயிர்.

படத்தில் இல்லாத இன்னொரு சரக்கு, காலம். நம் ஊர் படங்களில் ஒரே பாட்டில் ஹீரோ கோடீஸ்வரர் ஆவாரே, அந்த மாதிரி இங்கே தொட்டி ஒரே ராத்திரியில் சுத்தமாகிவிடுகிறது. நிஜத் தொட்டியில் ஒன்றரை மாதம் வெறும் தண்ணீரையும் பாறையையும் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். ஆவியாகிற தண்ணீருக்குப் பதில் தினமும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீர் இல்லை. ஏனென்றால் உப்பு ஆவியாவதில்லை. வட்டிதான் போகும், முதல் அப்படியே நிற்கும். இதை எந்த டைரக்டராலும் படமாக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இந்த மாதிரிப் படங்களைப் பார்த்துவிட்டு ஜனங்கள் மீன் வாங்க ஓடுகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. 2016-ல் வந்த 'ஃபைண்டிங் டோரி'யை வைத்து, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர் ஒருவர் தலைமையில் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். இணையத்தில் டோரி மீனைத் தேடியவர்கள் கூடினார்களே தவிர, வியாபாரம் பெரிதாக ஏறியதற்கு ஆதாரமில்லை என்றார்கள். எனக்கு இது ஆறுதலாக இல்லை. என் வீட்டில் ஏறியதே.

வீடு என்றதும் படத்தின் பெரிய கேள்விக்கு வருகிறேன். மீனின் வீடு கடல் என்கிறது படம். நீமோவைக் கடலிலிருந்து பிடித்து வந்தார்கள், அது கடலுக்குத் திரும்ப வேண்டும், நியாயம். ஆனால், நான் வாங்கிய இரண்டும் பண்ணையில் பொரித்தவை என்றார் கடைக்காரர். மண்டபத்தில் இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையத்தில் க்ளவுன் மீன்களைத் தொட்டியிலேயே முட்டையிட வைத்து, பொரித்து, வளர்க்கிற முறையை உருவாக்கியிருக்கிறார்கள். அப்படிப் பிறந்த மீன் கடலைப் பார்த்ததே இல்லை. அதைக் கடலில் விட்டால் விடுதலை இல்லை. பிழைக்கத் தெரியாது, தொட்டி நோயையும் கூடக் கொண்டுபோகும். அதன் வீடு எது? இதைப் படம் தொட்டுவிட்டு நழுவிவிடுகிறது. நீமோ வந்து இறங்கியதும் மற்ற மீன்கள் தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்று சொல்லுமே, கவனித்திருக்கிறீர்களா? ஒன்று ஒரு கடை, இன்னொன்று இன்னொரு கடை, ஒன்று இணையத்தில் ஏலத்தில் எடுத்தது. அதாவது, என்னை மாதிரி ஒரு ஆசாமி எடுத்தது. கடலிலிருந்து வந்தது என்றதும் எல்லாம் வாயைப் பிளக்கின்றன. ஆனாலும், கடைசியில் எல்லாவற்றையும் சேர்த்துக் கடலுக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

அந்தக் கடைசிக் காட்சி எனக்கு ரொம்பப் பிடிக்கும். புது மெஷின் பழுதாகி, டாக்டர் பைகளில் போட்டுவைக்க, அத்தனையும் உருண்டு சாலையைத் தாண்டிக் கடலில் விழுந்துவிடுகின்றன. ஜெயித்தாகிவிட்டது. ஆனால், ஒவ்வொன்றும் முடிச்சுப் போட்ட பைக்குள் மிதக்கிறது. அடுத்து என்ன செய்வது என்று ஒன்றுக்கும் தெரியவில்லை.

எப்போதும் அந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரிக்கிற என் மகள், இந்தத் தடவை சிரிக்கவில்லை. மூன்று வாரமாகத் தினமும் சாயங்காலம் சோதனைக் குழாயைத் தூக்கிப் பிடித்து, எங்கள் காலித் தொட்டியின் தண்ணீர் பச்சையா மஞ்சளா என்று அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பவள் அவள்தான். திரைக்குப் பக்கத்தில் போய் நின்று கேட்டாள்:

''பைக்குள்ள எவ்ளோ நேரம்ப்பா இருக்கும்? அம்மோனியா ஏறிடாது?''