வெட்டினால் நேர்மையா?

இரண்டு தசம இலக்கம் போதுமென்றால் மிச்சத்தை அப்படியே வெட்டிவிட வேண்டும், ரவுண்ட் செய்யக் கூடாது. இல்லாத மதிப்பைத் திரையில் காட்டுவது பொய். நிரலாளர்களிடையே அடிக்கடி எழும் வாதம் இது. கேட்க நேர்மையாகத்தான் இருக்கிறது.

சில இடங்களில் சரியும்கூட. 99.97 சதவீதம் இறங்கிய கோப்பை முழு எண்ணாக்கி 100 என்று காட்டினால் பயனர் ஏமாறுவார். கணக்கில் 499.996 இருப்பவரிடம் 500 என்று சொல்லிவிட்டு, எடுக்கப் போகும்போது கையை விரிப்பது அநியாயம். நீளம் தாண்டுதலில் சென்டிமீட்டருக்குக் குறைந்த மிச்சத்தை விட்டுவிடுவதே தடகள விதி. நான் ஒப்புக்கொள்வது அவ்வளவுதான்.

வெட்டுகிறவர் கையில் இருப்பதாக நினைக்கும் எண் பல நேரம் அங்கே இருப்பதில்லை. பெரும்பாலான தசமங்களைக் கணினியால் இரும எண்ணாகத் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. ஜாவாஸ்கிரிப்டில் 4.35ஐ 100ஆல் பெருக்கினால் 435 வராது, 434.99999999999994 வரும். பின்னத்தை வெட்டி மறுபடி 100ஆல் வகுத்தால் 4.34. பெருக்கலே வேண்டாம், எழுத்துச் சரமாக்கி நறுக்குகிறேன் என்பார் இன்னொருவர். அவர் 0.7ஓடு 0.1ஐக் கூட்டிப் பார்க்கட்டும்: 0.7999999999999999. நறுக்கினால் 0.79. எழுபது காசும் பத்துக் காசும் சேர்ந்து எழுபத்தொன்பது காசு! பொய் சொல்லாத முறையாம் இது.

ரவுண்டிங்கும் தவறும். ஜாவாஸ்கிரிப்டில் ரவுண்ட் செய்து தரும் டூஃபிக்ஸ்ட் (toFixed) 1.005ஐ இரண்டு இலக்கமாக்கி 1.00 என்கிறது. ஆனால் அது தடுமாறுவது இரு விடைகளுக்கு நட்டநடுவில். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பிழை ஏறத்தாழ அரைக் காசுதான். வெட்டுதல் தடுமாறுவதோ முழுக் காசு மதிப்புகளின் விளிம்பில். விலைப்பட்டியல் முழுக்க நிறைந்திருப்பவை அவைதாம். அங்கே பறிபோவது ஒரு முழுக் காசு, அதுவும் எப்போதும் ஒரே பக்கமாக.

ஒரு காசுதானே, திரையில் மட்டும்தானே என்பார்கள். திரையில் தெரிவதை எடுத்து யாராவது அடுத்த கணக்கில் போடும்வரைதான் அந்தச் சமாதானம் செல்லும். வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் 1000 என்று ஒரு குறியீட்டைத் தொடங்கியது. ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் அதைப் புதுப்பித்து, மூன்று தசம இலக்கத்தோடு வெட்டி, வெட்டிய எண்ணின் மேலேயே அடுத்த கணக்கைப் போட்டது. 1983 நவம்பரில் குறியீடு 524.811இல் கிடந்தது. பிழையைத் திருத்திக் கணக்கிட்டபோது வந்தது 1098.892.